எந்த நோட்டை நம்புவது?

எங்கள் பகுதி இன்ஸ்பெக்டர் ஒரு நல்ல காரியத்துக்கு ஒப்புக்கொண்டார். வியாசர்பாடியில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் மாலை 7 மணியிலிருந்து ராத்திரி 11 வரை இரண்டு காவலர்கள் நடந்தே ரோந்து வருவார்கள். ஜீப்பில் விளக்கைச் சுழலவிட்டு ஒரு சுற்று வந்துவிட்டுப் போகிற ரோந்து இல்லை. "ஆறு மாசம் பார்ப்போம், முக்கியமான எட்டு இடம் சொல்லுங்க" என்றார். இடம் சொல்வதற்காகக் குடியிருப்போர் சங்கம் கூடியது. ரயில்வே சுரங்கப்பாதை வாசல், டாஸ்மாக் முனை, பூட்டிக் கிடக்கும் கிடங்கின் மதிலோரம் என்று அரை மணி நேரத்தில் எட்டும் தேறிவிட்டது. எழுந்து போகிற நேரத்தில் சீட்டு பிடிக்கிற அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

"சரி, ஆறு மாசம் கழிச்சு இது வேலைக்கு ஆச்சா ஆகலையான்னு யாரு சொல்றது? அவங்களே சொல்லிப்பாங்களா?"

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. ஸ்டேஷனில் பதிவாகும் கேஸை எண்ணினால் போதும் என்றார் செயலாளர். 100க்கு எத்தனை பேர் போன் செய்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றார் ஒருவர். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தம்பி, "வெட்டு, குத்து எல்லாம் எங்க நோட்டுல இருக்கு" என்றான். வீடு வீடாகப் போய்க் கேட்போம் என்றார்கள் பெண்கள். வீடு வீடாகப் போய்க் கேட்பது என் பிழைப்பு. பன்னிரண்டு வருஷமாக சோப்பு, கொசுவத்தி, தேர்தல், ரேஷன் என்று எதையாவது கேட்டுக்கொண்டு படியேறி இறங்குகிறவன். ஆகவே எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வரும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில், இதை அளந்துதான் ஆக வேண்டுமா? போலீஸ் நடந்து வந்தால் நல்லதுதானே என்று கேட்டவர்களுக்காக ஒரு பழைய கதை. 1972 அக்டோபரில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்து பகுதிகளில் ரோந்து வண்டி சுற்றவே சுற்றாது, யாராவது கூப்பிட்டால் மட்டும் வரும். ஐந்தில் வழக்கம்போல. மீதி ஐந்தில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. ஒரு வருஷம் ஓடிய பிறகு பார்த்தால், குற்றத்திலும் சரி, ஜனங்களின் பயத்திலும் சரி, சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. ஊர் முழுக்கச் சும்மா வண்டி ஓட்டுவதால் திருட்டு குறையும் என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அதற்காக ரோந்தே தண்டம் என்று அர்த்தமில்லை. 1980களில் அதே அமெரிக்காவின் மினியாபோலிஸில் குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் கூட இருந்தவர்களும் போலீஸுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்தார்கள். நகரத்தில் உள்ள முகவரிகளில் 3.3 சதவீதத்திலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. அப்புறம் அப்படிப்பட்ட 110 இடங்களை எடுத்துப் பாதியில் மட்டும் ரோந்தைக் கூட்டினார்கள். அங்கே பலன் தெரிந்தது. 2009 கோடையில் பிலடெல்பியாவில் 120 இடங்களைத் தேர்ந்து, அதில் 60 இடங்களில் நடை ரோந்து விட்டார்கள். வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. ரோந்து நின்ற பிறகு அந்தப் பலன் நீடிக்கவில்லை என்பது அந்தக் கதையின் வாலில் உள்ள சேதி.

எட்டு இடம், நடை ரோந்து என்று இன்ஸ்பெக்டர் கேட்டது சரியான கேள்விதான். ஆனால் பிலடெல்பியா வேறு, வியாசர்பாடி வேறு. இங்கே வெயில் காலத்தில் ராத்திரி 11 வரைக்கும் பாதிக் குடும்பம் வாசலில்தான் உட்கார்ந்திருக்கும். தெருவைப் பார்க்கிற கண்ணுக்கு இங்கே பஞ்சம் கிடையாது. அங்கே பலித்தது இங்கேயும் பலிக்குமா என்று இங்கே அளந்தால்தான் தெரியும்.

இப்போது நோட்டுகளுக்கு வருகிறேன்.

ஸ்டேஷன் கணக்கு கையில் கிடைப்பது சுலபம். 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, பாலியல் குற்றம் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர். எல்லாம் இணையத்தில் ஏற வேண்டும். வீட்டில் உட்கார்ந்தபடியே எடுத்துவிடலாம், செலவில்லை. செயலாளர் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். எனக்கு அந்த நோட்டின் மேல் நம்பிக்கை இல்லாமல் போனதற்கு என் போன் காரணம்.

கொஞ்ச காலம் முன்பு பஸ் ஸ்டாப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன் கையிலிருந்த போனை லாவகமாக உருவிக்கொண்டு போய்விட்டான். ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன், எது என்பது இங்கே வேண்டாம். ரைட்டர் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. "பிடுங்கினான்னு எழுதாதீங்கண்ணே. தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க, சிம் வாங்க அது போதும். இல்லன்னா கோர்ட்டு, சாட்சின்னு நீங்கதான் அலையணும்" என்றார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, அக்கறையாகவே சொன்னார். நானும் தொலைந்தது என்றே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சிம் கிடைத்தது. அந்த மாதக் குற்றக் கணக்கில் நான் இல்லை. என்னைப் போல அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியாகக் கிளம்பிப் போனார். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி, வழக்குப் பதிவு இல்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருகிறது?

இதன் விளைவு என்னவென்றால், ஸ்டேஷன் நன்றாக நடந்தால் எண்ணிக்கை ஏறும், மோசமாக நடந்தால் இறங்கும். மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2022இல் வெளியானது. சில நிலையங்களில் பெண்களுக்கென்று தனி உதவி மையம் வைத்தார்கள், சிலவற்றில் வைக்கவில்லை. வைத்த இடங்களில் பெண்கள் கொடுத்த புகார்கள் வழக்காகப் பதிவாவது கூடியது, பெண் போலீஸார் பொறுப்பில் இருந்த மையங்களில் இன்னும் அதிகம். அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து "பெண்களுக்கு எதிரான குற்றம் அதிகரிப்பு" என்று ஒரு பத்திரிகை தலைப்பு போட்டிருந்தால்? திட்டத்தையே மூடியிருப்பார்கள்.

ரோந்துக்கு இது இன்னும் பொருந்தும். நடந்து வருகிற காவலர் முகம் பழகினால், இதுவரை வாய் திறக்காதவர்கள் புகார் கொடுப்பார்கள். கஞ்சா, பொது இடத்தில் குடிப்பது மாதிரியான கேஸெல்லாம் போலீஸ் போய்ப் பார்த்தால்தான் கணக்கிலேயே வரும். அவை கூடினால் கூடியது கஞ்சாவா, அதைப் பார்க்கிற கண்ணா?

இன்னொரு சிக்கலும் உண்டு. முந்தைய வருஷங்களோடு ஒப்பிடுவோம் என்றார் செயலாளர். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய சட்டத்தில் பறிப்புக்கென்று தனிப் பிரிவு கிடையாது, புதியதில் 304 என்று தனியாக இருக்கிறது. ஆக, செயின் பறிப்பு, போன் பறிப்பு எல்லாம் முன்பு எந்தத் தலைப்பில் கிடந்தன என்று தேடியெடுப்பதே தனி வேலை. நாலே நாளில், ஜூலை 5ஆம் தேதி, பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை. அடுத்த சில நாட்களில் கமிஷனர் மாறினார், வடசென்னை முழுக்கத் தெருவுக்குத் தெரு காக்கிச் சட்டை நின்றது. அந்த மாதத்தைத் தாண்டி முன், பின் என்று கோடு கிழித்தால் கோட்டின் இரண்டு பக்கமும் ஊரும் ஒன்றில்லை, சட்டமும் ஒன்றில்லை.

100ஆம் நம்பர் அழைப்பு பரவாயில்லை. ரைட்டரின் பேனாவுக்காக அது காத்திருக்காது, கூப்பிட்ட நொடியில் நேரத்தோடு பதிவாகிவிடும். மினியாபோலிஸ்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் யார் கூப்பிடுகிறார்கள்? எங்கள் தெருவில் ஒருமுறை கீழ் வீட்டில் அடிதடி. மாடியிலிருந்து ஒருவர் 100க்கு அடித்தார். பத்து நிமிஷத்தில் வண்டி வந்தது, அந்த வேகத்தைப் பாராட்டலாம். வந்தவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தெரு நடுவே நின்று, "இந்த நம்பர்ல கூப்பிட்டது யாருங்க?" என்று சத்தமாகக் கேட்டார். மாடியில் விளக்கு அணைந்தது. அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு ஒரு அழைப்பும் போயிருக்காது. அழைப்பு குறைந்தால் அமைதி என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பார்க்கலாம், கிடைத்தால் கூடுதல் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

ஸ்டான்லி தம்பி சொன்ன நோட்டுதான் என்னை யோசிக்க வைத்தது. அரசு ஆஸ்பத்திரியில் வெட்டுப்பட்டோ அடிபட்டோ யார் வந்தாலும் கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு, போடுவார்கள். எத்தனை மணிக்கு, எங்கே, எதனால் அடித்தார்கள் என்று டாக்டர் எழுதுவார். கோர்ட்டு வரைக்கும் பேசுகிறது அந்த ஏ.ஆர். காப்பி. நம் பகுதியில் நிறைய பேர் அதைச் சான்றிதழ்களோடு பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். வழக்குக்கான காகிதமாகத்தான் அதைப் பார்த்திருக்கிறோம், கணக்கெடுப்புக்கான காகிதமாகப் பார்த்ததில்லை.

பார்த்த ஊர் ஒன்று உண்டு. வேல்ஸில் உள்ள கார்டிஃப். ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணர், தன்னிடம் தையல் போட வருகிறவர்களில் பலரைப் பற்றிப் போலீஸுக்கே தெரியவில்லை என்று கவனித்தார். அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பிலேயே எங்கே, எப்போது, என்ன ஆயுதம் என்று கேட்டு, பெயரை நீக்கிவிட்டு, அந்தப் பட்டியலைப் போலீஸுக்கும் நகராட்சிக்கும் கொடுத்தார்கள். எந்த இடத்தில் எந்த நேரத்தில் ஆள் வேண்டும் என்று அதை வைத்து முடிவு செய்தார்கள். 2011இல் வெளியான ஆய்வின்படி, வன்முறையால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது, அதே மாதிரி மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் 42 சதவீதம் குறைவாக இருந்தது.

இந்த நோட்டின் பலம், ரோந்து போகிறவர்களின் கை இதில் படாது என்பது. காவலர் முகம் பழகினாலும் பழகாவிட்டாலும் மண்டை உடைந்தால் தையல் போட்டுத்தான் ஆக வேண்டும். பலவீனமும் இருக்கிறது. கேஸ் வேண்டாம் என்று நினைப்பவர்கள் "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்பார்கள், குறிப்பாகப் பெண்கள். சிலர் பக்கத்து கிளினிக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். போன் பறிப்புக்குத் தையல் கிடையாது. டீன் அனுமதியும் நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும், பெயர் இல்லாமல், தெரு வரைக்கும் மட்டும்தான் தகவல் கேட்க முடியும். தம்பி நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னான். அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

இனி என் தொழில். வீட்டுக்கு வீடு கேட்பது. போலீஸ் கணக்கில் வராததைப் பிடிக்கத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் 1970களிலிருந்தும் பிரிட்டனில் 1982லிருந்தும் அரசே குற்றத்துக்கு ஆளானவர்களைத் தேடிப் போய்க் கேட்கிறது. இங்கே ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை நான்கிலும் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2017இல் வெளியிட்டது. எங்கள் பதினான்கு தெருவுக்குப் பெரிய நிறுவனம் வேண்டாம். கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தால் போதும், அதில்தான் எல்லாமே இருக்கிறது.

"உங்க தெரு பாதுகாப்பா இருக்காங்க?" என்று ஒருமுறை ஒரு வீட்டில் கேட்டேன், வேறு ஏதோ ஒரு சர்வேக்காக. "ரொம்பப் பாதுகாப்புங்க, பிறந்ததுலேர்ந்து இங்கதான்" என்றார் அந்த அம்மா. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்றாலே வெளி ஆள் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பார்த்து, வெளி ஆளிடம் ஊரை விட்டுக் கொடுக்காத பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. முகவரியைப் பார்த்துக் கடன் மறுத்த வங்கியும் உண்டு, வேலை மறுத்த கம்பெனியும் உண்டு. ஆனால் அந்த அம்மா பதில் சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பி, "டேய், அக்கா கூடப் போய்ட்டு வாடா" என்று பையனை எழுப்பிவிட்டார். மணி எட்டரை. அக்கா போவது மாவு பாக்கெட் வாங்க, நாலு வீடு தள்ளி. என் படிவத்தில் "மிகவும் பாதுகாப்பு" என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. உண்மையான பதில் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன். போன வாரம் ராத்திரி எட்டுக்கு மேல் கடைக்குப் போனது யார், தனியாகவா, கூட யார் போனது, எந்த வழியாகச் சுற்றிப் போனார்கள் என்று கேட்பேன். குறுக்கு வழி இருக்கும்போது எல்லோரும் சுற்று வழியில் போகிறார்கள் என்றால், அந்தக் குறுக்கு வழியைப் பற்றி வேறு கேள்வி தேவையில்லை.

ஞாபகம் இன்னொரு மோசக்காரன். ஆறு மாதத்துக்குள் ஏதாவது திருடு போனதா என்று கேட்டால் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் போன சைக்கிளும் வந்து உட்காரும். மனசில் வலித்தது எல்லாம் நேற்று நடந்த மாதிரியே இருக்கும். அதற்கு மாதத்தைச் சொல்லக் கூடாது, அம்மன் கோவிலைச் சொல்ல வேண்டும். "ஆடிக் கூழ் ஊத்தினதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சரியாகச் சொல்வார்கள்.

கேட்பது யார் என்பதும் முக்கியம். சங்கத்து ஆளே போனால் பக்கத்து வீட்டைப் பற்றி வாய் வராது. போலீஸ் பெயரைச் சொல்லிப் போனால் எதுவுமே வராது. வேறு பகுதிப் பிள்ளைகளை, கல்லூரி மாணவிகளை அனுப்பலாம். பையன்களிடம் தனியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கடந்த மாதத்தில் உன்னை எத்தனை முறை நிறுத்தினார்கள், எப்படிப் பேசினார்கள், போனைப் பிடுங்கிப் பார்த்தார்களா? திருட்டு குறைந்து, தெருவில் உள்ள 18 வயதுப் பையன் ஒவ்வொருவனும் தினமும் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தப்பட்டால், அந்த ரோந்தைப் பலித்தது என்று எழுத எனக்குக் கை வராது. அதை அளக்கிற நோட்டு ஸ்டேஷனிலும் இல்லை, ஸ்டான்லியிலும் இல்லை.

இதன் குறை, ஆள் செலவு. இன்னொன்று, சின்ன எண்ணிக்கை. முந்நூறு வீட்டில் கேட்டுப் பறிப்பு 12லிருந்து 9 ஆனது என்று வந்தால் அது ரோந்தா, அதிர்ஷ்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அரிதாக நடக்கிற குற்றத்தைவிட தினம் நடக்கிற கடைப் பயணத்தை எண்ணுவது எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு உதவும். அமெரிக்காவின் நியூவார்க்கில் 1970களின் கடைசியில் நடை ரோந்தைச் சோதித்தபோது குற்றம் குறையவில்லை, ஜனங்களின் பயம் குறைந்தது. ஸ்டேஷன் கணக்கோடு நிறுத்தியிருந்தால் பூஜ்யம் என்று எழுதி மூடியிருப்பார்கள்.

நோட்டைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, எதோடு ஒப்பிடுவது என்றும் முடிவு செய்ய வேண்டும். இங்கேதான் கூட்டத்தில் சத்தம் வந்தது. எட்டு இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தோம்? சமீபத்தில் எங்கே ரொம்ப மோசமாக இருந்ததோ அதை. ஒரு இடம் அதன் மோசமான மாதத்தில் இருக்கும்போது பிடித்தால், போலீஸ் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். காய்ச்சல் 103இல் இருக்கும்போது விபூதி பூசினால் மறுநாள் குறைவது மாதிரி. விபூதிக்குப் பெயர் கிடைக்கும்.

பிலடெல்பியாவில் 120 இடம் இருந்தது, பாதியைக் குலுக்கி எடுத்தார்கள். எங்களிடம் எட்டுதான். நாலுக்கு ரோந்து, நாலுக்கு இல்லை என்றால் விடுபட்ட தெருக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், "எங்க தெரு இளப்பமா?" என்ற குரல் உடனே கேட்டது. நியாயமான கேள்விதான். நான் சொன்ன யோசனை: வாரா வாரம் குலுக்குவோம். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பெயரையும் டப்பாவில் போட்டு நாலு சீட்டு எடுப்போம், அந்த வாரம் அந்த நாலு இடத்தில் மட்டும் நடை. 26 வாரத்தில் எல்லா இடத்துக்கும் ரோந்து உள்ள வாரமும் இல்லாத வாரமும் கிடைக்கும். ஒவ்வொரு இடமும் தன்னோடு தானே ஒப்பிட்டுக்கொள்ளும். சீட்டு குலுக்குவது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் புரிகிற நியாயம். மாதா மாதம் ஐந்தாம் தேதி அதில்தான் கல்யாணச் செலவும் காலேஜ் பீஸும் ஓடுகின்றன.

ஒரு வாரம் நடந்த நல்லது அடுத்த வாரத்துக்கும் ஒட்டிக்கொள்ளும், வித்தியாசம் மங்கித் தெரியும் என்பது இந்த முறையின் குறை. அதற்குப் பதிலாக ஒரு லாபம் உண்டு. ராஜஸ்தானில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்கும் சோதனையை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார்கள், ஒரே இடத்தில் நிற்பது ஒரு விதம், இடம் மாறி மாறி நிற்பது இன்னொன்று. மாறி மாறி நின்றதில் இரவு விபத்து 17 சதவீதமும் இரவு மரணம் 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்றதில் சொல்லும்படி பலன் இல்லை. காரணம் நமக்குத் தெரியாததா? எந்த சிக்னலில் மடக்குகிறார்கள் என்று ஊருக்கே வாட்ஸ்அப்பில் தெரியும். குலுக்கல் அளக்கவும் உதவும், திருடனைக் குழப்பவும் உதவும்.

அதே ராஜஸ்தானில் இன்னொரு பெரிய சோதனையும் நடந்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் போலீஸ் அதிகாரி ஒருவரோடு சேர்ந்து 162 காவல் நிலையங்களில் செய்தது. வார விடுமுறை, பணிச் சுழற்சி, மக்கள் பார்வையாளர், பயிற்சி, இடமாற்றத்தை நிறுத்திவைப்பது என்று பலவற்றைப் பார்த்தார்கள். பயிற்சியும் இடமாற்ற நிறுத்தமும் பலித்தன. மற்றவை பலிக்கவில்லை, பல நிலையங்களில் அவை சொன்னபடி நடக்கவே இல்லை என்பது முக்கியக் காரணம். மேலே உத்தரவு, கீழே வேறு கதை.

எங்கள் ரோந்தும் காகிதத்தில் மட்டும் நடந்துவிடக் கூடாது. காவலர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2019இல் காமன் காஸ், லோக்நீதி அமைப்புகள் நாடு முழுக்கப் போலீஸாரிடமே கேட்டு வெளியிட்ட அறிக்கையில், சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை என்று வந்தது. காலையில் பந்தோபஸ்து, மதியம் கோர்ட்டு, அதற்குப் பிறகு நாலு மணி நேரம் நடை என்றால் யாராக இருந்தாலும் டீக்கடை ஸ்டூலில் உட்காரத்தான் தோன்றும். ஆகவே அந்த டீக்கடையிலேயே ஒரு அளவுகோல் வைக்கலாம் என்றேன். எட்டு இடத்துக்கும் பக்கத்தில் டீக்கடையோ பெட்டிக்கடையோ இருக்கிறது. கடையில் தொங்கும் மாத காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற கட்டத்திலேயே, காவலர் வந்தால் ஒரு டிக். செலவு ஒரு பேனா. சீட்டு விழுந்த நாலு இடத்திலும் டிக்கே இல்லை என்றால் மற்ற நோட்டுகளைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இடமாற்றம் எங்கள் கையில் இல்லை. தேர்தல் வந்தால் இன்ஸ்பெக்டர் மாறுவார், புதியவருக்கு இந்த எட்டு இடம் ஞாபகம் இருக்காது. அதனால் இப்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பொதுமக்களைப் போலீஸுக்குத் துணையாகச் சேர்க்கும் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் திட்டம் 1993இல் ராமநாதபுரத்தில் போலீஸ் அதிகாரி பிரதீப் வி. பிலிப் தொடங்கியது, மாநிலம் முழுக்கப் பரவியது. 2020இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த பிறகு தடை செய்யப்பட்டது. தடை செய்ததில் எனக்கு வருத்தமில்லை. 27 வருஷத் திட்டத்தை முடித்து வைத்தது ஒரு கொடுமை, ஒரு கணக்கு இல்லை என்பதுதான் உறுத்துகிறது. மக்களோடு கூடிப் பேசினால் எல்லாம் சரியாகும் என்று நம்பி ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில் சமுதாயக் காவல் முறையைச் சோதித்தார்கள். குற்றமும் குறையவில்லை, நம்பிக்கையும் கூடவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. அளந்ததால் ஆறு நாட்டுக்கும் தெரிந்தது.

என் முடிவு இப்படி. முதல் இடம் வீட்டுக் கணக்கெடுப்புக்கு, முந்நூறு வீடு, தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும் முடிவிலும். ஆனால் கூழுக்கு முன்னா பின்னா என்று கேட்கிற ஞாபகத்தை ரோந்து வாரம், இல்லாத வாரம் என்று பிரிக்க முடியாது. அது ஆறு மாத மாற்றத்தை மட்டும் சொல்லும். வாரத்துக்கு வாரம் ஒப்பிட, அக்கா தன் சீட்டுக்காரப் பெண்கள் முப்பது பேரிடம் ஞாயிறுதோறும் அந்த வாரக் கடைப் பயணத்தை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். ஸ்டான்லி நோட்டுக்கு முறைப்படி மனு போடுவோம், தேதி வாரியாகக் கிடைத்தால் வன்முறைக்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை. டீக்கடை காலண்டர் கட்டாயம். 100 கிடைத்தால் சரி. எஃப்.ஐ.ஆரையும் எடுத்து வைப்போம், ஆனால் முதல் மூன்று மாதத்தில் அது ஏறினால் யாரும் பதறக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். செயலாளர் இதற்கு மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "கேஸ் ஏறினா நல்லதுன்னு நான் எப்படி எம்.எல்.ஏ. கிட்ட சொல்றது?" என்கிறார். அவர் கஷ்டம் அவருக்கு.

குலுக்கலை மட்டும் போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். பால்கோவா டப்பா ஒன்றில் எட்டுச் சீட்டு. டப்பாவை யார் வீட்டில் வைப்பது என்பதில்தான் தகராறு. செயலாளர் வீட்டில் வேண்டாம், அவர் தெரு அந்தப் பட்டியலில் இருக்கிறது என்றார் அக்கா. என் வீட்டிலும் வேண்டாம், என் தெருவும் இருக்கிறது. கடைசியில் டப்பாவை அக்காவே எடுத்துப் போனார். அவர் தெருவும் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். "பதினேழு வருஷமா சீட்டு பிடிக்கிறேன், ஒரு சீட்டு முன்னப் பின்ன போயிருக்கா?" என்றார். யாரும் பேசவில்லை.